வீட்டு ரூட்டரிலேயே ஒரு சின்ன இணையதளம்: என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு டிவி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கும் ரூட்டரில் ஓர் இணையதளம் ஓடிக்கொண்டிருக்கிறது. மலேசிய ரப்பர் தோட்டத்துச் சொற்கள் 140 அதில் இருக்கின்றன. பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், காண்டா, ஆயக்கொட்டகை என்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டவை, கூடவே லயத்து வீடுகளின் பழைய படங்கள் கொஞ்சம். இதைப் பார்த்த சொந்தக்காரர்கள், கோயில் கமிட்டி ஆட்கள், தம்பியின் கூட்டாளிகள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டுவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ கேள்விகளை அப்படியே விட்டிருக்கிறேன்.

ரூட்டர் வைஃபை கொடுக்கிற பெட்டிதானே, அதில் எப்படி இணையதளம் ஓடும்?

அது ஒரு கம்ப்யூட்டர். திரையும் கீபோர்டும் கிடையாது, அவ்வளவுதான். உள்ளே பிராசஸர் இருக்கிறது, மெமரி இருக்கிறது, பெரும்பாலான ரூட்டர்களில் லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் ஓடுகிறது. இது வெளியே தெரிய வந்த கதை நல்ல கதை. 2002 கடைசியில் லிங்க்சிஸ் கம்பெனி டபிள்யூஆர்டி54ஜி என்று நீலமும் கறுப்புமாக ஒரு ரூட்டரை விற்கத் தொடங்கியது. அதற்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி, அதைப் பொருளுக்குள் வைத்து விற்பவர் மூல நிரலையும் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள், 2003-இல் நிரல் வெளியே வந்தது. அதை வைத்து 2004-இல் பிறந்ததுதான் ஓப்பன் டபிள்யூஆர்டி, ரூட்டரில் நாமே போட்டுக்கொள்ளக்கூடிய இலவச மென்பொருள். அந்தப் பழைய ரூட்டரின் பிராசஸர் 125 மெகாஹெர்ட்ஸ், மெமரி வெறும் 16 எம்பி. இன்றைக்குக் கடையில் இருக்கும் மலிவு ரூட்டர்கூட அதைவிடப் பல மடங்கு பெரியது.

இன்னொன்று, உங்கள் ரூட்டரில் இப்போதே ஒரு வெப் சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டு மாற்ற 192.168.1.1 என்று அடித்தால் ஒரு பக்கம் வருகிறதே, அதை யார் அனுப்புகிறார்கள்? ரூட்டர்தான். வீட்டுக்குள் மட்டும் காட்டுகிற வேலையை வெளியிலும் காட்ட வைக்கிறோம், ஆனால் அந்தப் பக்கத்தை அல்ல, வேறொரு பக்கத்தை. இந்த வித்தியாசத்தில்தான் எல்லாப் பாதுகாப்பும் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போன ரூட்டரில் முடியுமா?

பெரும்பாலும் முடியாது. அதன் மென்பொருளை நாம் மாற்ற முடியாதபடி பூட்டி வைத்திருப்பார்கள். ஓப்பன் டபிள்யூஆர்டி ஏற்கும் ரூட்டர் ஒன்றை நீங்களே வாங்க வேண்டும். அவர்களுடைய தளத்தில் மாடல் வாரியாக ஒரு பட்டியல் இருக்கிறது, வாங்குவதற்கு முன்னால் மாடல் பெயரோடு வெர்ஷன் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பெயரில் வெர்ஷன் 1-க்கும் வெர்ஷன் 5-க்கும் உள்ளே வேறு வேறு சில்லுகள் இருக்கும், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அந்த எண் இருக்கும், செகண்ட் ஹேண்ட் வாங்கினால் விற்பவரிடம் அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நான் தொடங்கியது டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7-இல். ஃபிளாஷ், அதாவது கோப்புகள் நிரந்தரமாகத் தங்கும் இடம், 16 எம்பி, மெமரி 128 எம்பி. சொற்பட்டியல் மாதிரி ஒரு தளத்துக்கு அது தாராளம். புதிதாக வாங்குகிறவர்கள் ஃபிளாஷ் 128 எம்பிக்குக் குறையாமல் பாருங்கள், ஏனென்று கீழே டனல் பற்றிய கேள்வியில் புரியும். 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி மெமரியும் உள்ள பழைய ரூட்டர்களை ஓப்பன் டபிள்யூஆர்டியே கைவிட்டுவிட்டது, அவற்றை யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

யூனிஃபை கம்பெனியின் லைன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே லைனில் வருவதைப் பிரித்துக் காட்ட விலான் என்று ஓர் எண் இருக்கிறது, இணையம் விலான் 500-இல் வருகிறது, டிவி 600-இல். புது ரூட்டரில் இந்த 500-ஐப் போடாமல் லைனில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் எத்தனை தடவை அடித்தாலும் லைன் ஏறாது. என் மச்சான் ஒரு சனிக்கிழமை முழுவதையும் இதில் தொலைத்தார்.

இலவசமாக ஹோஸ்டிங் கிடைக்கும்போது ஏன் இந்தப் பாடு?

நியாயமான கேள்வி. ஹோஸ்டிங் என்றால் தளத்தை வேறொருவர் கம்ப்யூட்டரில் வைப்பது, கிட்ஹப் பேஜஸ் மாதிரி இடங்களில் சின்னத் தளத்தைக் காசில்லாமல் வைக்கலாம், நன்றாகவும் ஓடும். உங்களுக்குத் தளம் மட்டும் வேண்டும் என்றால் அங்கேயே வையுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

எனக்குக் காரணம் வேறு. அப்பாவும் அம்மாவும் வேலை செய்த தோட்டம் இப்போது இல்லை, கித்தா (ரப்பர்) மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்தார்கள், அப்புறம் அதுவும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. அந்த மக்கள் பேசிய சொற்களை வேறு யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில், அவர் என்றைக்கு மூடுவார் என்று தெரியாத இடத்தில் மட்டும் வைத்திருக்க எனக்கு மனசு வரவில்லை. ஜியோசிட்டிஸ் என்ற இலவசத் தளச் சேவை 2009-இல் மூடப்பட்டபோது எத்தனையோ பேர் ஆசையாகக் கட்டிய பக்கங்கள் அதோடு போயின. வீட்டில் இருந்தால் மூடுவதும் திறப்பதும் என் கையில். அதோடு, ஒரு பக்கம் ஒரு கைபேசிக்குப் போய்ச் சேர என்னென்ன நடக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஐந்தாம் ஃபாரம் படிக்கும் என் மகளுக்கு இன்று, தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எத்தனை பேர் வந்தால் தாங்கும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 140 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 300 எழுத்துக்குறி விளக்கம் என்றால் 42,000 குறிகள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், ஆக மொத்தச் சொற்பட்டியலுமே 126 கேபி அளவுதான். கனம் எல்லாம் படங்களில் இருக்கிறது. கைபேசியில் எடுத்த படம் ஒன்று 4, 5 எம்பி இருக்கும், அதை அப்படியே போட்டால் அந்த ஒரு படம் முழுப் பட்டியலைப்போல முப்பது, நாற்பது மடங்கு. 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி வடிவத்தில் வைத்தால் 150 கேபிக்குள் வந்துவிடும்.

வீட்டு லைனில் பார்க்க வேண்டியது டவுன்லோடு வேகம் அல்ல, அப்லோடு வேகம், ஏனென்றால் வருகிறவர்களுக்கு நீங்கள்தான் அனுப்புகிறீர்கள். அப்லோடு 20 எம்பிபிஎஸ் (மெகாபிட்) என்றாலே, எட்டு பிட் ஒரு பைட் என்பதால், வினாடிக்கு 2.5 எம்பி, அதாவது 250 கேபி பக்கத்தை வினாடிக்குப் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். ஒரு நாளைக்கு இருபது பேர் வருகிற தளத்துக்கு இது எங்கேயோ போதும். முதலில் முட்டுவது லைன் அல்ல, வேறு இடம்: ஓப்பன் டபிள்யூஆர்டியோடு வரும் யூஹெச்டிடிபிடி என்ற வெப் சர்வரிலேயே தளத்தை வைத்தால் அது ஒரே நேரத்தில் 100 இணைப்புகளைத்தான் வைத்திருக்கும், பிரவுசர் ஒன்று ஆறு இணைப்பு வரை திறக்கும், ஆக பதினாறு பேர் ஒரே நொடியில் வந்தால் பதினேழாவது ஆள் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அமைப்பில் அந்த எண்ணைக் கூட்டலாம்.

வீட்டு விலாசம் அடிக்கடி மாறுமே, எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

லைன் விழுந்து மறுபடி ஏறும்போது ஐபி எண், அதாவது இணையத்தில் உங்கள் வீட்டு விலாசம், மாறலாம். அதற்குத்தான் டைனமிக் டிஎன்எஸ். ரூட்டரில் அதற்கென்று ஒரு பேக்கேஜ் (கூடுதலாகப் போடும் நிரல்) இருக்கிறது, எண் மாறியதும் அதுவே போய் உங்கள் பெயருக்கு எதிரே புது எண்ணை எழுதிவிடும். டக்டிஎன்எஸ் என்ற சேவை இலவசம். நோ-ஐபியும் இலவசமாகத் தருகிறது, ஆனால் 30 நாளுக்கு ஒரு தடவை இன்னும் வேண்டும் என்று உறுதி சொல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். சொந்த டொமைன் (தளப் பெயர்) வாங்கினால் கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை கம்பெனியில் வைத்து அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். உங்கள் எண்ணை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் என்ற நேரத்தை 300 வினாடி போல வையுங்கள், ஒரு நாள் என்று விட்டால் எண் மாறின பிறகும் ஆட்கள் பழைய வாசலிலேயே தட்டிக்கொண்டிருப்பார்கள்.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஆனாலும் வெளியிலிருந்து திறக்கவில்லை.

அதிகம் பேர் வந்து நின்றது இந்த இடத்தில்தான், நானும் மூன்று இரவு இங்கேதான் நின்றேன். ரூட்டரைக் கழற்றிப் பூட்டி, யாரை உள்ளே விடுவது என்று பார்க்கும் ஃபயர்வாலைப் புரட்டி, வேறு ரூட்டர்கூட இரவல் வாங்கிப் பார்த்தேன். தப்பு என் வீட்டில் இல்லவே இல்லை.

ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி எண்கள் தீர்ந்துபோன சமாச்சாரம் இது. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் காலியானது, நம் ஆசிய பசிபிக் வட்டாரத்தில் அந்த ஏப்ரலிலேயே ரேஷன் முறை வந்துவிட்டது. அதனால் லைன் கொடுக்கும் கம்பெனிகள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது எண்ணைக் கொடுக்கின்றன. சிஜி-நேட் என்று பெயர். அடுக்குமாடி வீடு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: தெரு முகவரி எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான், கீழே இருக்கும் காவலாளிக்கு உங்கள் வீட்டு எண் தெரியாது. நீங்கள் வெளியே போனால் திரும்பி வருவதை அவர் அடையாளம் வைத்துக்கொள்வார், ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் உங்களைத் தேடி வந்தால் எந்த மாடிக்கு அனுப்புவது என்று தெரியாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். உங்கள் வீட்டுக்குள் கதவை எவ்வளவு அகலமாகத் திறந்து வைத்தாலும் பயனில்லை.

கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (WAN) என்ற இடத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அப்புறம் பிரவுசரில் என் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. வான் எண் 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் சிஜி-நேட்டுக்குள் இருக்கிறீர்கள், 2012-இல் அந்த எண்களை இதற்கென்றே ஒதுக்கினார்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் முதலில் வீட்டைப் பாருங்கள், கம்பெனி ரூட்டருக்குப் பின்னால் உங்கள் ரூட்டரை மாட்டியிருப்பீர்கள். கம்பெனி ரூட்டரை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது வெறும் பாலமாக மட்டும் இருக்கும்படி, மாற்றினால் அது சரியாகும்.

இந்தச் சோதனையை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள், ரூட்டர் வாங்குவதற்கும் முன்னால்.

சிஜி-நேட்டில் இருந்தால் வழியே இல்லையா?

இருக்கிறது. முதலில் கம்பெனிக்குப் போன் போட்டுப் பொது ஐபி வேண்டும் என்று கேளுங்கள். சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்குச் சட்டென்று புரியும், வெப் சர்வர் என்றால் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சிலர் சும்மா மாற்றித் தருவார்கள், சிலர் மாதக் கட்டணம் கேட்பார்கள், சில இடத்தில் முடியாது என்பார்கள்.

முடியாது என்றால் ஐபிவி6 என்ற புது வகை எண் இருக்கிறதா பாருங்கள். மலேசியாவில் வீட்டு லைன்கள் பலவற்றில் அது வந்துவிட்டது, அதில் எண்ணுக்குப் பஞ்சமே இல்லை, ரூட்டருக்குச் சொந்தமாகப் பொது எண் கிடைக்கும். ஐபிவி6 இல்லாத லைனிலிருந்து வருகிறவர்களுக்குத் தளம் தெரியாது என்பது குறை. கிளவுட்ஃப்ளேரை முன்னால் நிறுத்தினால் அதுவும் தீரும்: வருகிறவர் எந்த வகையில் வந்தாலும் அது வாங்கிக்கொண்டு உங்கள் ரூட்டரிடம் ஐபிவி6-இல் வந்து கேட்கும்.

அடுத்தது டனல். ரூட்டரே வெளியே போய் கிளவுட்ஃப்ளேரோடு ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்ளும், பார்க்க வருகிறவர்கள் அந்த வழியாக உள்ளே வருவார்கள். ஃபயர்வாலில் ஒரு போர்ட்டும் (எண் போட்ட கதவு மாதிரி) திறக்க வேண்டாம், காவலாளிக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் அதற்கான நிரல் பல பத்து எம்பி இருக்கும், 16 எம்பி ஃபிளாஷில் நுழையாது. ஃபிளாஷ் 128 எம்பி வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். சின்ன ரூட்டர்தான் இருக்கிறது என்றால், மாதம் 5 டாலர் அளவில் ஒரு விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் இணையக் கணினி) எடுத்து அதற்கும் வீட்டுக்கும் நடுவே வயர்கார்ட் என்ற பாதுகாப்பான இணைப்பைப் போடலாம். வயர்கார்ட் 2020 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, மிகவும் சின்னது. ஆனால் மாதா மாதம் காசு கட்டி விபிஎஸ் எடுத்த பிறகு தளத்தை அதிலேயே வைத்துவிடலாமே என்று தோன்றும், தோன்றினால் அது சரியான எண்ணம்.

இதில் கிளவுட்ஃப்ளேரை நம்புகிறோமே, சொந்த வீடு என்று சொன்னது என்ன ஆனது என்று தம்பி கேட்டான். கேட்டது சரிதான். ஆனால் பக்கங்கள் என் வீட்டில் இருக்கின்றன, அவர்கள் வாசல் மட்டும்தான், நாளைக்கு அந்த வாசல் அடைபட்டால் வேறு வாசல் வைத்துக்கொள்வேன். டிவி அலமாரியில் இருப்பதை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

சரி, ரூட்டருக்குள் என்ன செய்ய வேண்டும்?

வரிசை முக்கியம். முதலில் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தை, அதாவது லூசியை, வழியிலிருந்து நகர்த்துங்கள். யூஹெச்டிடிபிடியின் அமைப்புக் கோப்பில் லிசன் (listen) என்று தொடங்கும் வரிகள் இருக்கும், அவை எல்லா விலாசத்திலும் 80, 443 போர்ட்டுகளில் கேட்கும்படி இருக்கும். அதை 192.168.1.1 என்ற வீட்டு விலாசத்தில் மட்டும், 8080, 8443 போர்ட்டுகளில் கேட்கும்படி மாற்றுங்கள். இனி லூசி வீட்டுக்குள் மட்டும்தான். மறுபடி உள்ளே வர புது போர்ட் எண்ணோடு அடிக்க வேண்டும், அதைத் தாளில் எழுதி ரூட்டரின் அடியில் ஒட்டி வையுங்கள்.

அப்புறம் லைட்டிடிபிடி என்ற இன்னொரு வெப் சர்வரைப் போடுங்கள், காலியான 80-ஐயும் 443-ஐயும் அதற்குக் கொடுங்கள். யூஹெச்டிடிபிடியிலேயே இன்னொரு பகுதி திறந்து செய்யலாம், நிறைய வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்கின்றன, ஆனால் நான் செய்ய மாட்டேன். யூஹெச்டிடிபிடி எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓடுகிறது, ரூட்டரை நிர்வகிக்க அதற்கு அது தேவை. அதில் நாளைக்கு ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் உள்ளே வருகிறவனுக்கு மொத்த ரூட்டரும் கையில். லைட்டிடிபிடியை அதிகாரம் இல்லாத தனிப் பயனராக ஓட வைக்கலாம்.

கடைசியாக, ஃபயர்வாலில் வெளியிலிருந்து ரூட்டருக்கு 80, 443 இரண்டை மட்டும் அனுமதியுங்கள். டனல் வைத்திருந்தால் இதுவும் வேண்டாம். கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.

வெளியில் திறக்கிறது, வீட்டிலிருந்து மட்டும் திறக்கவில்லை. ஏன்?

கம்பெனி ரூட்டருக்குப் பின்னால் உங்கள் ரூட்டர் இருந்தால் இது நடக்கும். வீட்டிலிருந்து போகிற கோரிக்கை கம்பெனி ரூட்டரைத் தொட்டுத் திரும்பி வர வேண்டும், பல ரூட்டர்களுக்கு அந்தத் திருப்பம் தெரியாது. யூஹெச்டிடிபிடியிலேயே தளத்தை வைத்தவர்களுக்கு வேறு காரணம்: வீட்டு எண்ணிலிருந்து பொது எண்ணுக்கு வரும் கோரிக்கையை அது வேண்டுமென்றே மறுக்கும், ஆர்எஃப்சி1918 ஃபில்டர் என்று ஓர் அமைப்பு அதற்கு இருக்கிறது. இரண்டில் எதுவானாலும் தளம் நன்றாகத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள்.

பூட்டுச் சின்னம் வேண்டுமா? சும்மா படிக்கிற பக்கம்தானே?

வேண்டும். 2018 ஜூலையிலிருந்து குரோம் பிரவுசர் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பு இல்லாத எல்லாத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்று காட்டுகிறது. ஈப்போவில் இருக்கும் என் பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு வைரஸ் என்று நினைத்து மூடிவிட்டார். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதற்கான சான்றிதழை இலவசமாகத் தருகிறது, 90 நாள் செல்லும், ரூட்டரில் ஆக்மி என்ற பேக்கேஜைப் போட்டால் அதுவே புதுப்பித்துக்கொள்ளும். சில வீட்டு லைன்களில் 80-ஆம் போர்ட்டைக் கம்பெனியே அடைத்து வைத்திருக்கும், அப்போது டிஎன்எஸ் வழியாகச் சரிபார்க்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு எந்தப் போர்ட்டும் வேண்டாம். சாவி வகை கேட்டால் ஆர்எஸ்ஏ வேண்டாம், இசிடிஎஸ்ஏ எடுங்கள், ரூட்டரின் சின்ன பிராசஸருக்கு அதுதான் லேசு. டனல் வழியில் போகிறவர்களுக்கு வெளிப்பக்கச் சான்றிதழை கிளவுட்ஃப்ளேரே பார்த்துக்கொள்ளும்.

யாராவது உள்ளே புகுந்துவிட்டால்?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் ரூட்டர் என்பது உங்கள் வீட்டு வாசல் கதவு, அந்தக் கதவிலேயே கடை போடுகிறோம். நான் போர்ட் திறந்த அன்றைக்கு லாகை, அதாவது வருகைப் பதிவை, பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்துக்குள் எங்கெங்கிருந்தோ கோரிக்கைகள் வரத் தொடங்கின, தளம் நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் லாகின் பக்கம் இருக்கிறதா, டேட்டாபேஸை நிர்வகிக்கும் பிஹெச்பி மை அட்மின் இருக்கிறதா என்று. யாரும் என்னைக் குறி வைக்கவில்லை. முழு இணையத்தையும் எண் எண்ணாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் அவை, நாள் முழுக்க வரும், இன்றைக்கும் வருகின்றன.

இது சும்மா மிரட்டல் இல்லை. 2016-இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துப் படையாகச் சேர்த்தது, அந்த அக்டோபரில் டைன் என்ற டிஎன்எஸ் கம்பெனியைத் தாக்கிப் பெரிய பெரிய தளங்களையே மணிக்கணக்கில் முடக்கியது. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்று இன்னொன்று, 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகள். அந்தக் கருவிகளின் சொந்தக்காரர்களில் பலருக்குத் தங்கள் பெட்டி என்ன செய்துகொண்டிருந்தது என்றே தெரியாது.

அதனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. லூசியையும், ரூட்டருக்குக் கட்டளை அனுப்பும் எஸ்எஸ்ஹெச்சையும் வெளியே ஒருநாளும் திறக்காதீர்கள், வெளியூரிலிருந்து ரூட்டருக்குள் போக வேண்டுமென்றால் வயர்கார்ட் வழியாகப் போங்கள். புதிதாகப் போட்ட ஓப்பன் டபிள்யூஆர்டியில் ரூட் பயனருக்குப் பாஸ்வேர்டே இருக்காது, முதல் வேலையாக அதை வையுங்கள். புது வெர்ஷன் வந்தால் அந்த வாரமே போடுங்கள். தளம் வெறும் கோப்புகளாக இருக்கட்டும், ஆட்கள் எதையும் எழுதி அனுப்பும் ஃபாரம், லாகின், டேட்டாபேஸ் எதுவும் வேண்டாம். கேட்டால் ஒரு கோப்பைக் கொடுப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாத சர்வரை ஏமாற்றுவது கஷ்டம்.

அப்போ வேர்ட்பிரஸ் கூடாதா?

ரூட்டரில் கூடாது. அதற்குத் தேவையான பிஹெச்பியும் டேட்டாபேஸும் 128 எம்பி மெமரியில் மூச்சு வாங்கும், வீட்டில் யாராவது வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் சேர்த்து இழுக்கும். வேர்ட்பிரஸ்தான் வேண்டும் என்றால் பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரிலோ போட்டு, வீட்டு நெட்வொர்க்கிலிருந்து பிரித்துத் தனி விலானில் வையுங்கள்.

பென்டிரைவ் செருகி வைக்கலாமா?

வைக்கலாம், படங்கள் நிறைய இருந்தால் அதுதான் வழி. எக்ஸ்டி4 வடிவத்தில் ஃபார்மேட் செய்யுங்கள். முக்கியமானது, எழுதுவதைக் குறைப்பது. ஃபிளாஷ் நினைவகம் படிப்பதால் தேயாது, எழுத எழுதத் தேயும். முதல் வருஷம் யார் யார் வந்தார்கள் என்று பார்க்கிற ஆசையில் ஒவ்வொரு வருகையையும் ரூட்டரின் சொந்த ஃபிளாஷில் எழுத வைத்திருந்தேன். மேலே சொன்ன தட்டிப் பார்க்கும் நிரல்களே அதை நிரப்பிவிட்டன. இடம் தீர்ந்ததும் ரூட்டரால் எந்த அமைப்பையும் சேமிக்க முடியவில்லை, ஃபெயில்சேஃப் மோடில் நுழைந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டி வந்தது. லாகை மெமரியில் வைத்துக்கொள்ளுங்கள், ரீஸ்டார்ட் ஆனால் அழிந்துவிடும், அழியட்டும்.

அப்டேட் போட்டேன், தளமே காணாமல் போய்விட்டது!

ஓப்பன் டபிள்யூஆர்டி அப்டேட்டில் அமைப்புக் கோப்புகள் மட்டும்தான் தங்கும். நீங்கள் போட்ட பேக்கேஜ்களும், ஃபிளாஷில் வைத்த உங்கள் பக்கங்களும் போய்விடும். எந்தெந்த அடைவுகளைக் (ஃபோல்டர்களைக்) காப்பாற்ற வேண்டும் என்று சொல்ல, அப்டேட்டைப் போடும் சிஸ்அப்கிரேடுக்கு ஒரு பட்டியல் கோப்பு இருக்கிறது, அதில் தளத்தின் அடைவைச் சேர்த்துவிடுங்கள். அதைவிட முக்கியம், மூலம் எப்போதும் லேப்டாப்பில் இருக்கட்டும், ரூட்டரில் இருப்பது நகல் மட்டும். நான் லேப்டாப்பில் திருத்திவிட்டு ஆர்சிங்க் என்ற நிரலை வைத்துத் தள்ளிவிடுவேன், மாறிய கோப்பு மட்டும் போகும்.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறதே?

கோப்பை யூடிஎஃப்-8-இல் சேமித்தீர்களா பாருங்கள், பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதைச் சொல்ல வேண்டும். எழுத்துரு பற்றிக் கவலை வேண்டாம், இன்றைய கைபேசி எல்லாவற்றிலும் தமிழ் இருக்கிறது. 1985-லேயே முத்து நெடுமாறன் இதே மலேசியாவில் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைச் செய்து கொடுத்தார், அந்தக் காலத்தில் எழுத்துரு இல்லாத கணினியில் தமிழைக் காட்ட என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்தால் நமக்கு எல்லாம் தட்டில் வைத்துக் கிடைத்திருக்கிறது.

இடி மின்னல், கரண்ட் கட், வெயில்?

பினாங்கில் இருந்துகொண்டு இடியை மறக்க முடியாது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் வாக்கிலும் சாயங்காலமானால் இடிதான். ஃபைபர் கண்ணாடி இழை, அது மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் ஃபைபர் வந்த பிறகு ஆபத்து இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மின்னல் கரண்ட் வழியாகவும் நீண்ட லேன் கேபிள் வழியாகவும் வரும். வீட்டு வாசல் கேமராவுக்கு இழுத்த கேபிளால் எனக்கு ஒரு லேன் போர்ட் கருகிவிட்டது. சர்ஜ் பாதுகாப்புள்ள பிளக் வாங்குங்கள், வெளியே போகும் கேபிளைக் குறையுங்கள்.

கரண்ட் கட்டுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வைத்திருக்கிறேன். உள்ளே சுமார் 32 வாட் மணி பேட்டரி, ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 13 வாட், இரண்டு மணி நேரம் தாங்குகிறது. வெயிலைப் பொறுத்தவரை, கதவு மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், காற்று படட்டும்.

கரண்ட் பில் எகிறுமா?

ரூட்டர் எப்படியும் நாள் முழுக்க ஓடத்தான் போகிறது, தளத்துக்காகக் கூடுதல் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. மொத்தமாகப் பார்த்தாலும் 10 வாட் ரூட்டர் மாதம் 7.2 யூனிட், யூனிட்டுக்கு 50 சென் என்று தாராளமாகப் போட்டாலும் 3 வெள்ளி 60 சென்.

வீட்டில் சர்வர் வைப்பது சட்டப்படி சரியா?

வீட்டு லைன் ஒப்பந்தங்கள் சிலவற்றில் சர்வர் வைக்கக்கூடாது என்று ஒரு வரி இருக்கும், உங்களுடையதைப் படித்துப் பாருங்கள். எழுதுவதைப் பொறுத்தவரை, சர்வர் வீட்டில் இருந்தாலும் வெளிநாட்டில் இருந்தாலும் 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டம் நமக்குப் பொருந்தும். பழைய படங்களில் இருக்கிறவர்களிடமோ அவர்கள் பிள்ளைகளிடமோ கேட்டுவிட்டுப் போடுங்கள். நான் கேட்டபோது யாரும் மறுக்கவில்லை, இரண்டு பேர் இன்னும் படங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கோயில் தைப்பூசப் பக்கத்தையும் உங்கள் ரூட்டரிலேயே வைக்கலாமா?

கமிட்டி செயலாளர் அண்ணன் கேட்டார், முடியாது என்று சொன்னேன், கொஞ்சம் வருத்தப்பட்டார். தண்ணீர்ப் பந்தல் எங்கே, ரதம் எத்தனை மணிக்கு என்று ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கான பேர் கைபேசியில் தட்டுவார்கள். அன்றைக்குப் பார்த்து எங்கள் தாமானில் கரண்ட் போனால் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல முடியாது. அதை ஹோஸ்டிங் கம்பெனியில் வைக்க நானே உதவி செய்து கொடுத்தேன்.

உங்கள் சொற்பட்டியலை என் ரூட்டரிலும் வைத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து வையுங்கள். பக்கத்தின் அடியில் முழுத் தளமும் ஒரு ஜிப் கோப்பாக இருக்கிறது, படங்களோடு 9 எம்பி. சுங்கை பட்டாணியில் இருக்கும் அத்தை மகள் வீட்டில் ஏற்கெனவே ஒரு நகல் ஓடுகிறது, அவர் மாமியாரிடம் கேட்டு மூன்று சொற்கள் சேர்த்து அனுப்பினார், அதில் ஒன்றை அம்மா நாற்பது வருஷமாக மறந்தே போயிருந்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள், புதுச் சொல் கிடைத்தால் எந்தத் தோட்டம் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள், ஒரே பொருளுக்குக் கெடாவில் ஒரு சொல்லும் பேராக்கில் வேறு சொல்லும் இருப்பதைப் பார்க்கிறேன்.